பனித்தட்டிலிருந்து முகாமை நகர்த்தியவர்

பாப்பிரெட்டிப்பட்டியில் அரூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது வசந்தாமணியின் தம்பி அழைத்தார். "அக்கா காலையில போயிட்டாங்க. உங்களுக்கு மொதல்ல சொல்லணும்னு இருந்தேன்," என்றார். விடுப்பில் ஊருக்கு வந்திருந்த நான் வசந்தாமணியைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். பஸ் வந்தது. ஏறி, அவர் இல்லாத வீட்டுக்கே போனேன்.

இந்த நினைவுக் குறிப்பைப் படிப்பவர்களில் அவரோடு பழகியவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பைநல்லூரில் மஞ்சளும் கரும்பும் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்து, தென்துருவப் பனியின் மாற்றங்களை ஆராயும் அரசுத் திட்டத்தை வகுக்கும் பொறுப்புக்கு வந்தவர். எங்கே முகாம் போடுவது, எதை அளப்பது, போனவர்களை எப்படிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவது எல்லாம் அவர் வேலை. அதே அலுவலகத்தில் கப்பல் ஏற்பாடுகள் என் பொறுப்பு. ஒருநாள் தொலைபேசியில் நான், "வூட்ல எல்லாரும் சாப்ட்டீங்களா?" என்று கேட்டது அவர் காதில் விழுந்தது. என் மேசைக்கே வந்து, "நீங்க அரூர்ப் பக்கமாங்க?" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஊர்ப் பேச்சுதான்.

தென்துருவக் கண்டத்தின் விளிம்பிலிருந்து கடல்மேல் நீண்டு மிதக்கும் பனிப்பரப்பைப் பனித்தட்டு என்போம். அதன்மேல் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் முகாமிட்டு, துளையிட்டு, பனியின் தடிமனையும் அடியிலிருக்கும் கடல்நீரின் வெப்பத்தையும் அளந்துவந்தோம். இடம் மாறாமல் அளந்தால்தான் பனி மாறுவது தெரியும். ஒரு பயணத்துக்குத் திட்டமிடும்போது செயற்கைக்கோள் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்த வசந்தாமணி, எங்கோ கிடந்த ஒரு விரிசல் முகாம் பக்கமாக நீண்டுவருவதைக் கண்டார். ஆட்கள் உள்ளே பாறை நிலத்தில் தங்கட்டும், பனித்தட்டில் தானியங்கிக் கருவிகள் மட்டும் இருக்கட்டும் என்று திட்டத்தை மாற்றி எழுதினார்.

அந்த அளவீட்டைத் தொடங்கிவைத்த மூத்த விஞ்ஞானி கூட்டத்தில் கொதித்துப்போனார். "இத்தனை ஆண்டுத் தொடரை அறுக்கிறீர்கள். விரிசல் இந்த ஆண்டே அங்கு வந்துவிடும் என்று உங்களால் சொல்ல முடியுமா?"

"முடியாது," என்றார் வசந்தாமணி. "வராது என்று நீங்கள் சொன்னால் என் திட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

அந்த உறுதியை மூத்த விஞ்ஞானியாலும் தர முடியவில்லை. திட்டம் ஏற்கப்பட்டது. ஆனால் அதன்பின் பலர் வசந்தாமணியோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், "அவரு கோவமும் நாயந்தாங்க. தொடரு கெட்டுப்போவுமேன்னு எனக்கும் மனசு அடிச்சுக்குது," என்றார். வென்றவர் போலவே அவர் இல்லை.

அந்தப் பயணத்தில் வசந்தாமணி, மூத்த விஞ்ஞானி, நான் மூவரும் இருந்தோம். பாறை முகாமில் ஒரு காலை, பனித்தட்டிலிருந்த கருவிகளின் இருப்பிடம் திரையில் மாறிக்கொண்டே வந்தது. ஹெலிகாப்டரில் போய்ப் பார்த்தோம். பழைய முகாம் இருந்த பகுதி முழுவதும் கண்டத்தைவிட்டுப் பிரிந்து கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊரையும் சுற்றுப்பட்டிகளையும் தூக்கி அதன்மேல் வைத்தாலும் இடம் மிஞ்சியிருக்கும். நடுவே கருநீல நீர் அகலமாகத் திறந்து கிடந்தது. வசந்தாமணி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "எம்மாம் பெருசுங்க," என்றார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அந்தப் பனியைக் கண்டா, அதன் போக்கை ஓர் அறையிலிருந்தே படித்த இந்தப் பெண்ணைக் கண்டா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

முகாமுக்குத் திரும்பியதும் மூத்த விஞ்ஞானி ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார். "என் மாணவர்கள் அங்கே தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்," என்றார்.

வசந்தாமணி அவர் அருகே போனார். "அதை இப்போது நினைக்காதீர்கள், சார். கருவிகள் இன்னும் அளந்து அனுப்புகின்றன. வந்து பாருங்கள்."

உண்மைதான். உடைந்த பனியோடு மிதந்துகொண்டே அவை தண்ணீரின் வெப்பத்தை அனுப்பிக்கொண்டிருந்தன. யாரும் திட்டமிடாத ஒரு பயணம் அது. இருவரும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அதைப் பின்தொடர அன்றே புதுத் திட்டம் எழுதினார்கள். பிறகு கருவிகள் ஓய்ந்தபோது இருவரும் சேர்ந்தே வருந்தினார்கள்.

போன மாதம் கம்பைநல்லூரில் அவரைப் பார்த்தேன். நோய் அவரைப் பாதியாக்கியிருந்தது. அடுத்த பயணத்துக்கு யார் யார் என்று முடிவாகிவிட்டதா என்று கேட்டார்.

"இந்த நெலமையில கப்பல் எதுக்கு கண்ணு? கஞ்சியக் குடி," என்றார் அவருடைய அம்மா.

"குடிக்கிறேம்மா," என்று டம்ளரை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "எல்லா எடத்தையும் ரொப்பிடாதீங்க. ரெண்டு எடம் சும்மா வையுங்க. இன்னிக்கு நமக்குத் தோணாத கேள்வி, கெளம்பற நேரத்துல யாருக்காச்சும் தோணும். எடமில்லைன்னு அவங்கள விட்டுட்டுப் போயிடக் கூடாதுங்க."

தான் பார்க்கப் போகாத ஒரு பயணத்தில், தான் கேட்கப் போகாத ஒரு கேள்விக்கு அவர் இடம் பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் கப்பலின் இட ஒதுக்கீட்டுப் பட்டியலைத் திறந்தேன். அந்த இரண்டு படுக்கைகளுக்கு எதிரே எந்தப் பெயரும் எழுதவில்லை.