மாதனூர் இலுப்பை மரத்து வௌவால்கள்

வரிசை போட்டுக்கொண்டால்தான் எனக்கு எழுத வரும்:
1. போன வழி
2. தோப்பில் நடந்த வழக்கு
3. வௌவால்கள் கிளம்பும் நேரம்
4. இப்போது ஏன் அங்கே போக வேண்டாம்

1979 மே மாதம். அப்போது வேலூரில் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தேன். மாதனூர்ப் பக்கம் ஒரு மரம் நிறையப் பழந்தின்னி வௌவால்கள் தொங்குவதாக நண்பர் சொன்னதிலிருந்து பார்க்க ஆசை.

ஆம்பூரிலிருந்து மாதனூருக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸுக்கு அறுபது பைசா, ஐம்பதாகவும் இருக்கலாம். இறங்கி அரை மணி நடை. வழி கேட்கக் கூச்சப்பட்டதால் எனக்கு ஒரு மணி ஆனது.

மாந்தோப்பின் நடுவே இலுப்பை மரம். அதன் கீழே இருவர் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். தோப்புக்குச் சொந்தக்காரர் கன்னியம்மா. குத்தகைக்காரர் கோவிந்தன், கையில் நாட்டுத் துப்பாக்கி. பழுப்பதையெல்லாம் வௌவால் தின்கிறது, இன்று சுட்டு விரட்டப்போகிறேன் என்றார் அவர். குட்டி சுமக்கும் தாய்கள் செத்து விழும், மிச்சமும் திரும்பாது என்றார் கன்னியம்மா. நான் நூலகத்தில் வேலை பார்ப்பவன் என்று தெரிந்ததும் என்னிடம் திரும்பினார்.

"சார், சட்டம் போட்டுக்கீறாங்களாமே. வௌவால சுடக்கூடாதுன்னு அதுல இருக்குதா?"

இல்லை. வனவிலங்குச் சட்டத்தை நான் படித்திருந்தேன். பழந்தின்னி வௌவாலைத் தொல்லைப் பிராணிகளின் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். எலி, காகம், இது, எல்லாம் ஒரே பட்டியல், கொல்லத் தடையில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். கோவிந்தன் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

காக்காவுமா என்று கேட்டார் கன்னியம்மா. ஆமாம் என்றேன்.

"ஏம்பா கோவிந்தா, அமாவாசைக்கு உங்கப்பன நெனச்சு காக்காவுக்குச் சோறு வெக்கிறியே. சட்டத்துல இருக்குதுன்னு அதையும் சுட்டுடுவியா?"

"யக்கா, அது வேற."

"இன்னா வேற? தகரம் தட்டு, லாந்தர் கட்டு. வெடிச் சத்தம் கேட்டுதுன்னா அடுத்த வருஷம் வேற தோப்பு பாத்துக்க."

கோவிந்தன் என்னைப் பார்த்தார். "சட்டம் என் பக்கம்னு நீங்களே சொல்லியும் தோத்துட்டேன் சார்" என்று சிரித்தபடி துப்பாக்கி மருந்தைத் தட்டிக் கொட்டினார்.

ஆறே முக்காலுக்கு முதல் வௌவால் கிளையை விட்டது. பிறகு மரமே அவிழ்ந்து பறப்பதுபோல இருந்தது. பாலாற்றுப் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தன. வயிற்றில் தொற்றிய குட்டியோடு ஒன்று தாழப் பறந்தபோது அதன் சிறகுக் காற்று என் நெற்றியில் பட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் போய்விட்டேன். எந்த ஊரிலும் அந்தி சாய்ந்தால் தலை தானாக மேலே நிமிர்கிறது.

போகிறவர்கள் ஐந்தரைக்குள் சேருங்கள். குடை எடுத்துப்போங்கள், எச்சம் விழும். கை தட்டாதீர்கள்.

அந்தத் தொல்லைப் பட்டியலையே சட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று சமீபத்தில் படித்தேன். கன்னியம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சாலை அகலமாகிவிட்டது, தோப்பெல்லாம் மனையாகியிருக்கும், மரம் இருக்காது என்று உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் போக வேண்டாம் என்று மேலே எழுதினேன்.

படித்துப் பார்க்கையில் அந்த நான்காவது குறிப்பு தவறு என்று தெரிகிறது. மரம் இல்லையென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெறுங்கிளையைப் பார்க்க நேருமோ என்ற பயத்தில் நானே சொல்லிக்கொண்டது.