நாற்பத்தேழாம் எண் காலுறை

நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் நடந்தது இதுதான். மினசோட்டாவில் ஒரு கன்னியர் மடம். 1998 பிப்ரவரி. அங்கே துணி துவைத்த மார்லிஸ் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறாள். பிற்பகல் மூன்று மணிக்கு மட்டும் தனியாக இருக்கமாட்டாள்.

மடத்தில் மிஞ்சியிருந்தது பதினோரு கிழவிகள். அவர்களில் சிஸ்டர் ஒடிலியாவுக்கு எழுபத்தொன்பது வயது. தொலைந்த மூக்குக்கண்ணாடி முதல் சமையலறையில் வெண்ணெய் திருடியது யார் என்பதுவரை துப்புத் துலக்குவது அவர்தான். மோப்பம் பிடித்துவிட்டால் விடமாட்டார்.

அந்த மாதம் துணி உலர்த்தும் அறையின் கொடியில் தினமும் பிற்பகல் மூன்று மணி தாண்டியதும் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை தொங்கியது. கறுப்பு. சொட்டச் சொட்ட ஈரம். ஓரத்தில் சிவப்பு நூலில் 47 என்று தைத்திருந்தது. அந்த மடத்தில் ஒவ்வொருவர் துணியிலும் அவரவர் எண் இருக்கும். 47 அப்போது அங்கே இருந்த யாருடைய எண்ணும் இல்லை. எடுத்து அடுப்பில் போட்டாலும், மறுநாள் தொங்கும்.

மடத்துத் தலைவி மதர் வெரீனா மார்லிஸைக் கூப்பிட்டார். "வெளித்துணியைக் கொண்டாந்து இங்க துவைக்கிறியா? வெள்ளிக்கிழமையோட நின்னுக்கோ."

மார்லிஸ் அழுதுகொண்டே ஒடிலியாவிடம் ஓடினாள். "இருபத்திரண்டு வருஷம் சிஸ்டர்... ஒரு கைக்குட்டைகூட கொண்டாந்ததில்ல."

"மூக்கைச் சிந்து முதல்ல. வெள்ளிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கே."

புதன்கிழமை, 2.40. ஒடிலியா உலர்த்தும் அறைத் தரை முழுக்க மைதா மாவைத் தூவினார். கதவை உள்ளிருந்து பூட்டி, குறுக்கே ஒரு நூலைக் கட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தார். கதவுக்கு வெளியே மார்லிஸ் காவல்.

கொடியில் பதினோரு இரவு அங்கிகள். வேறொன்றும் இல்லை.

மூன்று மணிக்குக் கோயில் மணி அடித்தது.

3.04. டப்.

குழாயோ? அந்த அறையில் குழாயே கிடையாது.

டப்... டப்...

நிமிர்ந்து பார்த்தார். காலுறை தொங்கியது.

கதவைப் பார்த்தார். நூல் அறுபடவில்லை.

அப்புறம்தான் தரையைப் பார்த்தார். மாவில் ஈரக் காலடிகள். வெறுங்கால். சின்னப் பெண்ணின் கால். கதவிலிருந்து வரவில்லை. அறையின் நடுவிலிருந்து தொடங்கி, கொடிவரை போயிருந்தன.

கொடியிலிருந்து... திரும்பியிருந்தன.

நாற்காலியை நோக்கி.

நாற்காலியைத் தாண்டி.

முதுகுக்குப் பின்னால் யாருக்கோ குளிரில் பல் தந்தியடிக்கும் சத்தம்.

"யாரும்மா நீ?"

சத்தம் நின்றது.

ஒடிலியா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார். கதவைத் திறந்தபோது 3.15. "இது உன் வேலை இல்ல மார்லிஸ். போய் மதரைக் கூட்டிட்டு வா."

மதர் வெரீனா வாசலில் நின்றே அந்தக் காலடிகளைப் பார்த்தார்.

"அந்த நடுத்தரையை உடைக்கணும் மதர்."

"சரி சிஸ்டர்... மார்லிஸ், நீ எங்கயும் போக வேணாம். என்னை மன்னிச்சிடு."

திங்கட்கிழமை ஆட்கள் வந்து தரையை உடைத்தார்கள். கீழே பழைய கிணறு. பொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் ஒரு இளம்பெண்ணின் எலும்புகள்.

பழைய பதிவேட்டில் 47, ரோஸினா தெலன். 1931இல் துறவறப் பயிற்சிக்கு வந்தவள், பதினெட்டு வயது. அவள் வீடு வந்து சேர்ந்துவிட்டாள் என்று அப்பா பெயரில் ஒரு கடிதம் மடத்தில் இருந்தது. அவள் மடத்தில் சுகம், யாரும் பார்க்க வரவேண்டாம் என்று இன்னொரு கடிதம் அவள் தங்கை மகனிடம் இருந்தது.

இரண்டும் ஒரே கையெழுத்து. அன்றைக்குச் சலவைக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் எடெல்ட்ரூடின் கையெழுத்து.

1971இல் எடெல்ட்ரூட் சாகக் கிடந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் ஒடிலியாதான். கடைசி வாரம் முழுக்க ஒரே புலம்பல். "அவளுக்குக் கால் நனைஞ்சிருக்கு... யாராவது துடைச்சு விடுங்களேன்." கட்டிலோரத்து வெறுந்தரையைக் காட்டிச் சொல்வார். ஜுரத்தில் உளறுகிறார் என்று நினைத்து, அவரைச் சமாதானப்படுத்த ஒடிலியா ஒரு துண்டால் அந்தத் தரையைத் துடைப்பார்.

ஒவ்வொரு தடவையும் அந்தத் துண்டைப் பிழிய வேண்டியிருந்தது.