சந்தேகம் என்று ஒரு லேபல்

எனக்கு யாரையும் இலேசில் நம்ப வராது. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விடமாட்டேன். வீட்டுக்காரர் கறி நல்லாயிருக்கு என்று சொன்னால், என்ன வேணும் என்று கேட்பேன். இப்படிப்பட்டவளின் கையில் வியாபாரத்துக்கென்றே செய்த போன் செயலி ஒன்று கிடைத்தால் என்ன நடக்கும் என்று அந்தச் செயலியைச் செய்தவர்கள் யோசித்திருக்கமாட்டார்கள்.

கோப்பாயில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல்கடை. நான் அளவெடுத்து வெட்டுவேன். தைப்பதும், கூறைச்சீலைக்குப் போடுகிற சட்டைகளில் மணி வைத்து வேலை செய்வதும் என்னுடன் ஒன்பது வருடமாக நிற்கிற பிள்ளை. பிள்ளை என்று பழக்கத்தில் சொல்கிறேன், வயது முப்பத்துமூன்று. தகப்பன் இல்லை, தாயும் அவளும்தான். சைக்கிளில் வந்து எட்டரைக்கு மெசினில் உட்கார்ந்தால் பிறகு ஊசிச் சத்தம்தான் கேட்கும். என் கடைக்கு ஆட்கள் வருவது அவள் கைக்காக. அதை நான் வெளியில் சொன்னதில்லை, அவளிடமும் சொன்னதில்லை.

செயலியை நான் வீடியோ பார்த்துப் படித்தேன். காசு கேட்காமல் தருகிறார்கள், அதிலேயே எனக்கு ஒரு சந்தேகம். ஆனாலும் தருவதைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தெடுப்பது என்று இறங்கினேன். கடைப் பெயர், திறக்கிற நேரம், தைத்த சட்டைகளின் படங்கள் எல்லாம் ஏற்றினேன். புதிதாக யாரும் எழுதினால் வணக்கம் தானாகவே போகும். அடிக்கடி கேட்கிற கேள்விகளுக்கு ஒருமுறை பதிலை எழுதிச் சேமித்துவிட்டால் போதும், பிறகு இரண்டு எழுத்துத் தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். எனக்கு மிகவும் பிடித்தது லேபல். ஆட்களை நிறம் பிரித்து அடுக்கலாம். புது வாடிக்கையாளர், வேலை முடிந்தது என்று அவர்களே சில லேபல் தந்திருந்தார்கள். நான் சொந்தமாக மஞ்சள் நிறத்தில் ஒன்று செய்தேன். அதற்குச் சந்தேகம் என்று பெயர் வைத்தேன். ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், மற்ற லேபல்களை விட அதில்தான் ஆட்கள் கூடுதல். ஐந்து டிசைனுக்குப் படம் கேட்டுவிட்டு ஒன்றுகூடத் தைக்கத் தராத என் சொந்த மச்சாளும் அதற்குள் இருந்தார்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருடம் என்னிடம் இன்னொரு பிள்ளையும் நின்றாள். டவுனில் ஒரு பெரிய கடைக்காரர் வாடிக்கையாளர் போலப் போனில் கதைத்து, அவள் யார், எவ்விடம் என்று மெல்ல விசாரித்து, ஒரு மாசத்தில் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவளும் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

அதனால்தான் ஒருநாள் செயலியில் புதிதாக வந்த ஒரு போன் இலக்கத்தைக் கண்டதும் என் மூக்கு வேர்த்தது. முகப்பில் ஆளின் முகம் இல்லை, ஒரு செவ்வரத்தம்பூ. பெயரும் இல்லை. நான் ஏற்றியிருந்த ஒரு சிவப்புச் சட்டைப் படத்தைத் திருப்பி அனுப்பி, “இது ஆர் தைச்சது?” என்று கேட்டிருந்தார்கள். என்ன விலை என்று கேட்கவில்லை. எப்போது கிடைக்கும் என்றும் கேட்கவில்லை.

“எங்கடை கடைப் பிள்ளை” என்று எழுதினேன்.

“எத்தினை வருசமா உங்களோடை நிக்கிறா?”

உடனே மஞ்சள் லேபல் போட்டேன். கடைசியாகச் செயலிக்குள் வந்த நேரத்தையும் அந்த ஆள் மறைத்து வைத்திருந்தது தெரிந்தது.

“இஞ்சாருங்கோ, ஒளிக்கிறதுக்கு ஒண்டும் இல்லாதவை ஏன் இதை ஒளிக்க வேணும்?” என்று வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

“நீயும்தானே ஒளிச்சு வைச்சிருக்கிறாய்” என்றார் அவர். அவரோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை.

அடுத்த நாள் காலையில் மூன்று கேள்விகள் சேர்ந்து வந்தன. “ஆள் குணம் எப்பிடி? எல்லாரோடையும் ஒத்துப்போவாவோ? நோய் வருத்தம் ஏதும் இருக்கோ?” மாட்டுக்குப் பல்லுப் பார்ப்பதுபோலக் கேட்கிறார்களே என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நாலடி தூரத்தில் அவள் தலையைக் குனிந்து மணி கோத்துக்கொண்டிருந்தாள். இவளும் போனால் நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான். போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு எழுதினேன்.

“கை சரியான மெதுவு. ஒரு சட்டைக்கு ஒரு கிழமை எடுக்கும். ஒரு சொல்லுச் சொன்னால் இரண்டு நாளைக்கு முகத்தைத் தூக்கி வைச்சிருப்பா. தலையிடியெண்டு அடிக்கடி லீவு.”

ஒன்றிலும் உண்மை இல்லை. எழுதியது எனக்கே நன்றாகப் பிடித்துப்போனதால், இனியும் யாரும் கேட்டால் உதவும் என்று அதைச் சேமித்த பதில்களோடு சேர்த்தேன். வாசித்துவிட்டார்கள் என்று இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் கைகூப்பிய படம் ஒன்று வந்தது. பிறகு அந்த இலக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. வந்த பிசாசைக் கலைத்துவிட்டேன் என்று நாலைந்து நாள் சந்தோசமாகத் திரிந்தேன்.

இரண்டு கிழமை கழித்து, பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் அவள் கேட்டாள்.

“அக்கா, உங்களிட்டை ஆரும் என்னைப் பற்றி விசாரிச்சவையோ?”

“ஏன் கேக்கிறீர்?”

“தொண்டைமானாறுப் பக்கத்திலை ஒரு சம்பந்தம் வந்தது. சாதகம் நல்லாப் பொருந்திச்சுது. வேலை செய்யிற இடத்திலை ஒருக்கா விசாரிக்கப்போறம் எண்டவை. அம்மா உங்கடை கடை நம்பரைத்தான் குடுத்தவ. இப்ப வேண்டாமாம். ஏனெண்டு சொல்லேல்லை.” கோப்பையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். “முடிவாகட்டும், பிறகு உங்களுக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனான்.”

எனக்கு அந்தச் செவ்வரத்தம்பூ இலக்கம் ஞாபகத்துக்கு வந்தது. சாதகம் பொருந்தினால் அடுத்தது விசாரிப்பு. யார், எதற்கு என்று வாய்திறந்து சொல்லாமல்தான் எங்கள் ஊரில் விசாரிப்பார்கள். இது எனக்குத் தெரியாத வழக்கமா? தம்பிக்குப் பெண் பார்த்தபோது, நானே பெண்ணின் பக்கத்து வீட்டுக்கு, நட ஒரு வாழைக்குட்டி கேட்கப் போகிறதுபோலப் போய் அரைமணித்தியாலம் பெண்ணின் குணம் விசாரித்துக்கொண்டு வந்தவள். அதே விசாரிப்பு போனில் வந்தபோது எனக்குக் கள்ளர்தான் தெரிந்தார்கள். அவளுக்கு அப்போது ஒன்றும் சொல்லவில்லை. யாரோ ஏதோ கேட்டவை, ஞாபகம் இல்லை என்று மழுப்பினேன்.

அவள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனதும் அந்த இலக்கத்துக்கு அழைத்தேன். எடுத்தது மாப்பிள்ளையின் அக்கா. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பிள்ளையைப் போல ஒருத்தி கிடைக்கமாட்டாள், ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட என்னோடு முகம் சுளித்ததில்லை என்றேன். அவ குறுக்கே கதைக்காமல் கேட்டா.

“அப்ப ஏன் அப்பிடி எழுதினீங்கள்?”

“நீங்கள் வேலைக்கு ஆள் பிடிக்கிற கடைக்காரரெண்டு நினைச்சிட்டன்.”



“வேலைக்காரியை விடக்கூடாதெண்டு அவ்வளவு பொய் எழுதின நீங்கள்” என்றா, கோபம் இல்லாமல். “இப்ப சொல்லுறதை மட்டும் நான் என்னெண்டு நம்பிறது? ஆருக்குத் தெரியும், பொம்பிளை வீட்டுக்காரர் சொல்லிக் கதைக்கிறியளோ. எதுக்கும் தம்பிக்கு வேறை இடத்திலை பேசி முடிஞ்சுது.”

நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் எனக்கு மஞ்சள் லேபல்தான் போட்டிருப்பேன். அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. எழுதினதை அவர்களின் போனிலும் இல்லாமல் அழிக்கிற காலம் கடந்துவிட்டது. என் போனில் மட்டும் அழித்திருக்கலாம். அழித்திருந்தால் கடைப் பிள்ளைக்குத் தெரியவே வந்திருக்காது. அந்த அளவுக்குக் கேடுகெட்டவளாக இருக்க எனக்கு முடியவில்லை.

அடுத்த நாள் காலை அவள் மெசினுக்குப் போகமுன் போனைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் வாசிக்க, நான் பக்கத்தில் நின்று கதைத்துக்கொண்டே இருந்தேன். ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்துதான் எழுதினேன், ஒரு சொல்லும் உண்மை இல்லை, தொண்டைமானாற்றுக்கு நேரில் போய்ச் சொல்லட்டுமா என்றெல்லாம் கேட்டேன். அவள் மேலேயிருந்து கீழே வாசித்தாள். பிறகு இன்னொருமுறை வாசித்தாள். அழுவாள், இல்லாவிட்டால் என்னைக் கிழிகிழியென்று கிழிப்பாள் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

“நான் மெதுவாத் தைக்கிறனெண்டு நீங்கள் ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லையே, அக்கா” என்றாள்.

“ஐயோ பிள்ளை, அது பொய்யெண்டு சொல்லுறன்.”

“ஓம்” என்று சொல்லிவிட்டுப் போனை மேசையில் வைத்தாள்.

இப்போது மூன்று நாள் வேலையை ஒன்றரை நாளில் முடிக்கிறாள். மெல்லத் தையும், அவசரமில்லை என்று நான் சொல்கிற ஒவ்வொரு முறையும் மெசின் இன்னும் விரைவாக ஓடுகிறது. போன கிழமை நெற்றி முழுக்கத் தைலம் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்திரும் என்றேன்.

“எனக்குத் தலையிடி இல்லை, அக்கா” என்றாள்.