நாலு விரல் உயரம்

எங்கள் அத்தையின் பழைய பிக்கப் வண்டி நடுவழியில் வயிறு தட்டி உட்கார்ந்த அன்று, கல்குவாரி ஆட்கள் மதியச் சோற்றைச் சாயங்கால டீயோடு சேர்த்துச் சாப்பிட்டார்கள்.

அத்திபெலேயிலிருந்து குவாரிக்குப் போகும் மண்பாதையில் கல் லாரிகள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம் பறித்திருந்தன. நடுவில் மட்டும் ஒரு மேடு நீளமாக நின்றது. அதன் மேல் வண்டியின் அடிவயிறு ஏறிக்கொள்ள, சக்கரங்கள் சும்மா சுற்றின. பக்கத்தில் உட்கார்ந்து ரசப் பாத்திரத்தை மடியில் பிடித்துக்கொள்வதுதான் லீவு நாட்களில் என் உத்தியோகம். அன்று ரசத்தோடு ரசமாக நானும் ஆறிப்போனேன். லாரி ஒன்று வந்து கயிறு கட்டி இழுத்த பிறகுதான் விடிவு கிடைத்தது.

குவாரி மேஸ்திரி நல்ல மனிதர். ஆனால் பசியோடு இருப்பவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு எவ்வளவு நேரம்தான் ஒருவர் நல்லவராக இருக்க முடியும்? "இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ஓசூர் ஓட்டல்காரன் புது வேன் வச்சிக்கினு தினம் வந்து கேக்கறான்" என்றார். அத்தை அண்டாவைக் கழுவி ஏற்றினாள்.

மாமா போன பிறகு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளோடு வந்தவை இந்த வண்டியும், இரண்டு பெரிய அண்டாக்களும், மாமா கற்றுக்கொடுத்த டிரைவிங்கும்தான். ஏதோ அரசாங்க இலாகா கழித்துக்கட்டி ஏலத்தில் விட்ட வண்டி அது. கிழமானாலும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். குவாரிச் சாப்பாடு கைவிட்டுப் போனால் அத்தைக்கு மிச்சம் எங்கள் வீட்டு அடுப்படி. அது அம்மாவின் ராஜ்ஜியம். இரண்டு ராணிகள் ஒரு அடுப்பில் எத்தனை நாள் நிற்பார்கள் என்று எனக்கே அந்த வயதில் தெரிந்திருந்தது.

ஆக, வண்டியை உயர்த்துவது என்று முடிவாயிற்று. எவ்வளவு, எப்படி என்பதில்தான் வீடு ரெண்டுபட்டது.

சித்தப்பா ஜே.சி. ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்தார். வெளிநாட்டுப் பத்திரிகைகளிலிருந்து ராட்சத டயர் போட்ட வண்டிப் படங்களை வெட்டி வைத்திருப்பார். அச்சுக்கும், வண்டியின் பாரம் தாங்கும் வில்பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை, லாரி டயர், எல்லாம் போட்டு ஒரேயடியாக முக்கால் ஆள் உயரத்துக்கு ஏற்றிவிடலாம் என்பது அவர் கட்சி. அந்த மாதம்தான் அவர் பெரிய வண்டி ஓட்டும் லைசென்ஸும், கூடவே ஒரு கூலிங் கிளாஸும் வாங்கியிருந்தார்.

அப்பாவுக்குச் செலவு என்றாலே தலைவலி. தொய்ந்த பட்டைகளைப் பழுது பார்த்தால் போதும் என்பார். இருந்தாலும் சித்தப்பாவின் யோசனையை அவர் ஒரேயடியாக மறுக்கவில்லை. "அவ்ளோ ஒசரம் ஏத்திட்டா அப்புறம் அது பொம்பளை ஓட்டற வண்டியா இருக்காது" என்று மட்டும் சொன்னார். இன்ஜின், கியர் மாதிரி அதுவும் ஏதோ மெக்கானிக் சங்கதி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் அத்தை, சித்தப்பா, நான் மூன்று பேரும் சிட்டிக்குள் பட்டை வேலை செய்யும் பாய் ஒருவரின் பட்டறைக்குப் போனோம். அத்தை ஒரு காரியம் செய்திருந்தாள். சாம்பார் அண்டாவையும் கையோடு ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். பட்டறைக் குழாயில் தண்ணீர் பிடித்து, வழக்கமாகச் சாம்பார் நிற்கும் அளவுக்கு நிரப்பச் சொன்னாள். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

பாயின் சொந்த ஜீப் பட்டறை முற்றத்திலேயே நின்றது. கட்டை கொடுத்து, பெரிய டயர் போட்டு, சித்தப்பா கனவு கண்ட அதே உயரத்தில் இருந்தது. அத்தை அண்டாவை அதன் பின்னால் வைக்கச் சொன்னாள். சித்தப்பா கூடவே ஏறி அண்டாவைப் பிடித்துக்கொண்டார். பாய் பட்டறைக்குப் பின்னால் இருந்த மேடுபள்ளத்தில் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்தார். திரும்பி வந்தபோது அண்டாவில் பாதித் தண்ணீர் இருந்தது. மீதி சித்தப்பா மேல் இருந்தது. கூலிங் கிளாஸ் மட்டும் சொட்டிக்கொண்டே மூக்கை விட்டு இறங்காமல் நின்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இதுக்குத்தான் சொல்றேன், நக்கோ தம்பி, வேணாம்" என்றார் பாய். "இது சும்மா ஷோக்குக்கு. ஒசரம் ஏற ஏற வண்டி ஆடும்."

"பட்டை மேல பட்டை சேத்தா?" என்று கேட்டாள் அத்தை.

"ஒசரம் வரும் அக்கா, ஆனா வண்டி வெறச்சிக்கும். கல்லு மேல ஏறினா குதிக்கும். உங்க சாம்பாரு ஆளுங்களுக்கு முன்னாடி ரோட்டுக்குப் போயிடும்."

மூன்றாவது வழி ஒன்று இருந்தது. மெல்லிசான, நீளமான பட்டைகளைப் புதிதாக, கொஞ்சம் அதிகமாக வளைத்துப் போடுவது. டயர் ஒரு சைஸ் பெரியது. அதற்குத் தகுந்த ஷாக் அப்சார்பர். வண்டி உயரவும் செய்யும், கல்லில் ஏறி இறங்கும்போது குதிக்கவும் செய்யாது. எவ்வளவு உயரத்துக்கு வளைக்க என்று பாய் கேட்டார். சித்தப்பா ஈரச் சட்டையோடு கையைத் தன் இடுப்புக்கு மேலே காட்டினார்.

அத்தை அவரைப் பார்க்கவேயில்லை. "ஜாக் போட்டு ஏத்துங்க பாய், கொஞ்சம் கொஞ்சமா" என்றாள்.

ஜாக் போட்டு, முட்டுக் கொடுத்து, வண்டியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். அத்தை கொசுவத்தை இடது கையில் அள்ளிப் பிடித்து, படியில் கால் வைத்து, ஒரே எட்டில் டிரைவர் சீட்டில் ஏறினாள். இறங்கினாள். இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொன்னாள். மறுபடி ஏறினாள், இறங்கினாள். செருப்புக் கடையில் ஒவ்வொரு ஜோடியாகப் போட்டு நடந்து பார்ப்பதுபோல் இருந்தது. ஒரு உயரத்தில் கால் எட்டாமல் புடவை தடுக்கிக் கதவைப் பிடித்துத் தொங்கினாள். நான் மறுபடி சிரித்தேன்.

"ஒசரமாவே இருக்கட்டும்க்கா" என்றார் சித்தப்பா. "ஏற முடியலன்னா இன்னா இப்ப? நான் ஓட்டறேன். நீ நிம்மதியா சமையல பாத்துக்க."

எவ்வளவு தங்கமான சித்தப்பா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அத்தை முகத்தில் அந்தப் பெருமை தெரியவில்லை. "கொஞ்சம் இறக்குங்க பாய்" என்றாள். இன்னொரு முறை ஏறினாள். "இவ்ளோதான்."

பாய் அளந்து பார்த்தார். பழைய உயரத்துக்கு மேல் நாலு விரல்.

"அந்த ரோட்டுக்கு இது பத்துமாக்கா?" என்று கேட்டார்.

"ஓட்டறவ நான்தானே. மீதிய நான் பாத்துக்கறேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டி ராட்சத உயரத்தில் வரப்போகிறது என்று தெருப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். நாலு விரலை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பீற்றிக்கொள்வது?

தசரா லீவில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் குவாரிப் பாதைக்கு வந்தபோது எங்களுக்கு முன்னால் ஒரு புது வேன் நின்றது. நின்றது என்ன, உட்கார்ந்திருந்தது. மழையில் அத்தையின் வண்டி வராது என்று பயந்து மேஸ்திரி ஓசூர் ஓட்டல்காரருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார். நாங்கள் மாட்டிய அதே மேட்டில் வேனும் மாட்டியிருந்தது. பாதை அடைபட்டுவிட்டது. வலது பக்கம் குவாரியில் கொட்டிய கழிவுக் கற்கள் சரிவாகக் கிடந்தன. வழி என்று இருந்தால் அதுதான்.

அத்தை இறங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கற்களின் மேல் நடந்து, எது ஆடுகிறது, எது ஆடவில்லை என்று காலால் அமுக்கிப் பார்த்தாள். திரும்பி வந்து ஒரே எட்டில் ஏறினாள். நாலு சக்கரமும் இழுக்கும் சின்னக் கம்பியைப் போட்டாள்.

"ரசத்த புடிச்சிக்கோடி."

வண்டி பள்ளத்தில் இறங்கவேயில்லை. ஒரு பக்கச் சக்கரம் நடு மேட்டின் மேல், மறு பக்கச் சக்கரம் பாதையின் ஓரத்தில். வேனை நெருங்கியதும் கல் சரிவில் ஏறியது. முழு வண்டியும் என் பக்கம் சாய்ந்தது. நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன். அடியில் ஒரு கல் கர்ரென்று உரசியது. அத்தை அவசரப்படவில்லை. வண்டி ஒரு சக்கரத்தைத் தூக்கி வைத்து, அடுத்ததைத் தூக்கி வைத்து, வேனைத் தாண்டி மேலே ஏறி மட்டத்துக்கு வந்தது.

குவாரியின் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விசிலடித்தார்கள். யாரோ காலித் தகர டப்பாவைத் தட்டினார்கள். நானும் ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி மந்திரிபோல ஆட்டினேன். மேஸ்திரி தானே வந்து அண்டாவின் கட்டை அவிழ்த்தார். வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் மஞ்சள் கறைகூட இல்லை. அவர் துணியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "நாளைலேர்ந்து ராத்திரி ஷிப்டுக்கும் நீயே குடுத்துடும்மா" என்றார்.

வேன்காரர் சேற்றில் நடந்து வந்து, கொஞ்சம் இழுத்துவிட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மொதல்ல சோறு, அப்புறம் கயிறு" என்றாள் அத்தை. அவருக்கும் ஒரு தட்டு போட்டாள். சாப்பாடு முடிந்ததும் சொன்னபடியே வேனையும் இழுத்துவிட்டாள். அன்று எனக்கு வந்த சந்தோஷம் பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட வந்ததில்லை.

அந்த வாரமே ஆயுத பூஜை. வண்டிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, பூசணிக்காய். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். வண்டியை யார் ஓட்டுகிறார்களோ அவர்கள்தான் அன்று பழத்தை நசுக்க வேண்டும். சித்தப்பா குளித்து, இஸ்திரி போட்ட சட்டையும் கூலிங் கிளாஸும் மாட்டிக்கொண்டு கதவருகே நின்றார். அப்பா சாவியை அவரிடம் நீட்டினார்.

அத்தை நடுவில் கை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். பட்டுப் புடவையின் கொசுவத்தை அள்ளிப் பிடித்தாள். ஒரே எட்டு. நாலு பழமும் ஒன்றாக நசுங்கின. கை தட்டியது நான் ஒருத்திதான்.

சித்தப்பா அன்று பொரிகடலையைத் தொடவில்லை. அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இவ்வளவு நல்ல நாளில் இவர்களுக்கு என்ன வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அத்தை கொஞ்சம் வளர்த்தியாக இருந்திருந்தால் வண்டியும் கம்பீரமாக இருந்திருக்கும் என்ற குறை மட்டும் எனக்கு இருந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் நாலு விரல் என்பதை நாலு முழம் என்றே சொல்லித் திரிந்தேன்.

பல வருடம் கழித்து, நானே புடவையை அள்ளிப் பிடித்து ஒரு உயரமான வண்டியில் ஏறப் பார்த்த அன்றுதான் பட்டறை முற்றம் எனக்கு நினைவுக்கு வந்தது. அத்தை அன்று அளந்தது ரோட்டை அல்ல, புடவையோடு தன் கால் எட்டும் உயரத்தை. இன்னும் ஒரு விரல் ஏற்றியிருந்தாலும் குவாரிக்கு அந்த வண்டி போயிருக்கும். அத்தை போயிருக்க மாட்டாள்.