பரிமாறுபவருக்கு ஒரு பெயர்

சாப்பாட்டு அறையில் அன்று இருந்தவர்கள்: தெங்கேராவிலிருந்து வந்த புது மேனேஜர், சமையல்கார மாமா, பாத்திரம் கழுவும் நான், பரிமாறும் பெரியவர்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சமயம். காஜா பேராங்கில் இருந்த அந்த ரெஸ்ட் ஹவுஸில் வெள்ளைக்காரர்கள் பெரியவரை 'போய்' என்றே கூப்பிட்டு வந்தார்கள். அவர்கள் மொழியில் அது சிறுபையன். அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. ஒல்லியான ஆள், நரைத்த மீசை, கணுக்கால் இரண்டும் வீக்கம். யாரும் இல்லாத அறையிலும் நின்றுகொண்டுதான் இருப்பார். சாப்பிடுவதும் நின்றபடிதான்.

மேனேஜர் தடித்த அகராதியைத் திறந்தார்.

"இனிமே போய் கிடையாது அண்ணே. சட்டையில என்ன பேரு தைக்கலாம், நீங்களே சொல்லுங்க. சர்வன்ட் வேணாம். அது லத்தீன்ல அடிமைங்கிற சொல்லுலேர்ந்து வந்தது. வெயிட்டர்னா முன்ன ஊர் வாசல்ல காவல் நின்னவன். அட்டெண்டண்ட், இன்னொருத்தர் பக்கமா தன்னை நீட்டிக்கிட்டு நிக்கிறவன். ஸ்டூவர்ட், வீட்டைக் காக்கிறவன்."

"ஸ்டூவர்ட் போடுங்க. கப்பல்காரன் மாதிரி இருக்கும்," என்றார் மாமா.

பெரியவர் யோசித்தார். "இதுல யாரு உக்காரலாம் ஐயா?"

மேனேஜர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். "அது போடலையே அண்ணே."

"அப்ப எதையாவது தைங்க. காலு வலிக்குது."

சட்டையில் ஸ்டூவர்ட் என்று தைத்தார்கள். மறுநாள் சுவரோரம் அவருக்கென்று ஒரு நாற்காலியும் வந்தது. அதைத் தினமும் துடைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொள்வார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அங்கே வேலை பார்த்த காலமெல்லாம் அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்தது இரண்டு தடவை.