நன்றியால் நிறைந்த பெட்டி

கட்டுரை வரைவை அனுப்பும்போதெல்லாம் மெலெனைட்டே முதலில் மன்னிப்புக் கேட்பாள். லோகன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்குக் காலை வேலை. மதியம் வேலை முடிந்ததும் அங்கேயே காருக்குள் உட்கார்ந்து, மடிக்கணினியை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துப் படிப்பாள். சமூகப்பணிப் பட்டம், இணையவழி. இந்தப் பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்தாள். இன்னொரு முறை தவறினால் படிப்பை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லக் கல்லூரி இணைய ஆசிரியர்களை வைத்திருந்தது. வரைவை ஏற்றும் பக்கத்தில் 'எதில் உதவி வேண்டும்?' என்று ஒரு சிறிய பெட்டி. அவள் பிறந்த டோங்காத் தீவில் யாரிடமும் எதையும் எடுத்த எடுப்பில் கேட்க முடியாது. முதலில் வணங்க வேண்டும், தன்னைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். அவளும் அப்படியே எழுதினாள். உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னியுங்கள், என் ஆங்கிலம் மோசம், கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக. அதற்குள் பெட்டி நிரம்பிவிடும்.

ஒவ்வொரு முறையும் வேறோர் ஆசிரியர் ஒரே பதிலை அனுப்புவார்: நல்ல முயற்சி, கமாக்களைக் கவனிக்கவும். அவளும் கவனித்தாள். கமா ஒன்றுகூடக் குறையாத அந்தக் கட்டுரைதான் போன முறை தேறவில்லை.

கார்க் கதவைத் திறந்து லுப்பே ஏறினாள். அதே இல்லத்தில் சமையல் வேலை. மெலெனைட்டேயின் கணவனுக்கு அக்கா என்பதால் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"இன்னும் கமா பொறுக்கிட்டிருக்கியா?"

"இந்த வாட்டி ஒரு பொண்ணு, அக்கா. ஐரிஸாம். கமாவப் பத்திப் பேசவே இல்ல." மெலெனைட்டே திரையைத் திருப்பிக் காட்டினாள்.

ஐரிஸ் எழுதியிருந்தாள்: "நன்றி சொல்லியிருக்கீங்க, மன்னிப்பு கேட்டிருக்கீங்க. கேள்வியக் காணோமே. இதுல எந்த இடம் உங்களுக்கே உறுத்துது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இவகிட்ட வரேன்?" என்றாள் மெலெனைட்டே. காலையிலிருந்து ஆட்களைத் தூக்கி உட்கார வைத்ததில் அவள் தோள் இரண்டும் கனத்தன.

"டாக்டர்கிட்ட போய் வணக்கம் மட்டும் சொல்லிட்டு வந்தா, எங்க வலிக்குதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? சொல்லித் தொலை."

மெலெனைட்டேவுக்குத் தெரிந்தேதான் இருந்தது. மூன்றாம் பக்கம். தட்டினாள்: "முதியவரின் முடிவை மதிக்கணும்னு எழுதியிருக்கேன். ஆனா இங்க எங்க இல்லத்துல இருக்கற டாய்ல் ஐயா தினமும் குளிக்க மாட்டேங்கறார். நான் பக்கத்துல உக்காந்து ரக்பி பேசுவேன். கொஞ்ச நேரத்துல எழுந்து வந்துடுவார். நான் அவர் முடிவை மதிச்சேனா, கரைச்சேனா?"

ஐரிஸிடமிருந்து உடனே பதில் வந்தது: "இது கட்டுரையில எங்க இருக்கு?"

"இல்ல. அது வேலை. இது கட்டுரை" என்று மெலெனைட்டே தட்டினாள்.

ஐரிஸ் எழுதினாள்: "இவர் இல்லாம மூணாம் பக்கம் வெறும் பாடப்புத்தகம். பேர மாத்திட்டு உள்ள கொண்டு வாங்க. அவர் வேண்டாங்கறது குளியலையா, வேறெதையாவதான்னு யோசிங்க. பதில் நான் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியவும் தெரியாது."

மெலெனைட்டேவுக்கு ஆறுதலாக இல்லை. பாதிக் கட்டுரையைத் திரும்ப எழுத வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. கெடு ஞாயிற்றுக்கிழமை. அன்று முழுக்கத் தேவாலயம். சனிக்கிழமையோ மறுநாள் விருந்துக்கான வேலை.

சனிக்கிழமை அவள் சமையலறை மேசையில் எழுத உட்கார்ந்தாள். தம்பி வீட்டில் ஒரு தட்டைக்கூட நகர்த்தாத லுப்பே சேப்பங்கிழங்கையும் கத்தியையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க போய்..."

"வாய மூடிட்டு எழுது. இந்த வாரம் மட்டும்தான்."

எழுதினாள். டாய்லுக்குக் குளிப்பதில் தகராறு இல்லை, இன்னொருவர் குறித்த நேரத்தில் குளிப்பதுதான் தகராறு என்று ஒரு பத்தியில் வந்து நின்றது. அது சரிதானா என்று அவளுக்கு உறுதி இல்லை. அதையும் எழுதினாள்.

தேர்ச்சி. எல்லையைத் தொட்ட மதிப்பெண், அவ்வளவுதான். 'முடிவுரை பலவீனம்' என்று விரிவுரையாளர் குறித்திருந்தார். அது உண்மை. அன்று காலையும் டாய்ல் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார்.

அடுத்த கட்டுரைக்கு அதே காரில், அதே தோள்வலியோடு பெட்டியைத் திறந்தாள். முதலில் கேள்வியை எழுதினாள். மிஞ்சிய இடத்தில் மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்பில் பாதிதான் பெட்டிக்குள் அடங்கியது.