ஃப்ரீசருக்கு ஒரு நாள் லீவு

ஹோட்டல்களில் நின்றுபோன ஃப்ரீசர்களையும் கூலர்களையும் ஓட வைப்பதுதான் என் பிழைப்பு. வீடு உக்கடம் பக்கம். வேலை கோவை முழுக்க, சில நாள் அவிநாசி தாண்டி ஈரோடு வரைக்கும். எந்த ஹோட்டலுக்குள் நுழைந்தாலும் முதலாளி சொல்லும் முதல் வார்த்தை ஒன்றேதான்: "தானா நின்னு போச்சுங்க பாய்." அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த மெஷினும் தானாக நிற்பதில்லை. பின்னால் குனிந்து பார்த்தால், சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சர் வலையை வெங்காயச் சருகும் மைதாவும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளி போல மூடியிருக்கும். ஃபேன் காற்று வாங்கும் இடத்தில் அரிசி மூட்டையைச் சாத்தியிருப்பார்கள். மூடியின் ரப்பர் கிழிந்து, அந்த இடுக்கில் பழைய வேட்டியைத் திணித்திருப்பார்கள். வருஷம் முழுக்க அதன் கழுத்தை நெரித்துவிட்டு, தானா நின்னு போச்சு என்பார்கள். நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அவர்கள் சிரித்துக்கொண்டே காபி கொடுப்பார்கள்.

எனக்கு மூச்சுவிட நேரமில்லாத நாள் ஆயுத பூஜை. அன்று மற்ற மெக்கானிக்குகளின் ஸ்பேனரெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு சாமி முன்னால் உட்கார்ந்திருக்கும். மறுநாள் பூஜை முடிகிறவரை யாரும் தொட மாட்டார்கள். இந்த பாயின் ஸ்பேனருக்கு அந்த விடுப்பு கிடையாது. அதனால் ஊரில் எங்கே குளிர் நின்றாலும் என் போன்தான் அடிக்கும். இதில் கொடுமை என்னவென்றால், அன்றைக்கு மெஷின்கள் நிற்பதற்குக் காரணமே பூஜைதான். கிரைண்டரிலிருந்து ஃப்ரீசர் வரை எல்லாவற்றையும் ஹோஸ் போட்டுக் குளிப்பாட்டுவார்கள். பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள் என்று நான் கெஞ்சும்போதெல்லாம் நேரமில்லாதவர்கள், அன்று மட்டும் லாரி கழுவுகிற மாதிரி கழுவுவார்கள்.

ஓர் ஆயுத பூஜையன்று மதியம் அவிநாசிக்கு அந்தப் பக்கம் ரோட்டோரத்தில் மெஸ் நடத்துகிற ஒரு கவுண்டர் கூப்பிட்டார். பல வருஷப் பழக்கம். கீழே மெஸ், மாடியில் வீடு. நல்ல மனிதர், என் பேச்சை மட்டும் கேட்க மாட்டார். ஃப்ரீசர் மூடிக்கு ரப்பர் மாற்றுங்கள் என்று நான் சொன்னபோதெல்லாம் "மாத்திரலாமுங்க பாய், பொங்கல் போகட்டும்" என்பார். எத்தனையோ பொங்கல் போயிருந்தது. அன்று அவர் குரலே சரியில்லை. "ஏனுங்க பாய், கையில என்ன வேலையிருந்தாலும் போட்டுப்போட்டு வந்துருங்க" என்றார். தானா நின்னு போச்சு என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் புதிதாக இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் உடைத்த பூசணிக்காய் கிடந்தது. உள்ளே ஃப்ரீசர் செவ்வந்தி மாலை போட்டுக்கொண்டு, நெற்றி நிறையச் சந்தனத்தோடு மாப்பிள்ளை மாதிரி நின்றது. அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கம்ப்ரசரைக் கிளப்பிவிடுகிற ரிலே கருகியிருப்பது வாசனையிலேயே தெரிந்தது. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்: "ஏனுங்க, கரண்டுல ஓடுற பெட்டிக்குத் தண்ணிய அடிச்சா..." அவர் என்னைத் தடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. அவருடைய மனைவிதான் என் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாய், உள்ள புள்ளைக்குப் பாலு இருந்துச்சுங்க."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அவர்களுடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை மாதம் நிறையும் முன்பே பிறந்து, கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. சின்னக் குழாய் வழியாகத்தான் பால். மாடியில் படுத்திருந்த மகளுக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்து, கடுமையான மருந்து கொடுத்திருந்தார்கள். அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் பாலைக் கொடுக்கக் கூடாது. பவுடர் பால் குழந்தையின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மருந்து தொடங்கும் முன்பே அவள் எடுத்து வைத்திருந்த பால்தான் ஒரே ஆதாரம். ஆஸ்பத்திரியில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும்தான் வாங்கிக்கொள்வார்கள். மதியம் அந்த அம்மா கொஞ்சம் எடுத்துக் கொடுப்பதை மாப்பிள்ளை ஐஸ் பெட்டியில் கொண்டுபோவார். மீதியெல்லாம் இங்கே, மெஸ் ஃப்ரீசரின் அடியில், சின்னச் சின்னப் பாக்கெட்டாகப் பையில் சுற்றி வைத்திருந்தது.

கவுண்டருக்கு இது தெரியாது. தாய்ப்பால் சமாச்சாரத்தை அப்பாவிடம் சொல்ல மகளுக்குக் கூச்சம். அம்மாவும் சொல்லவில்லை. புரட்டாசி மாதம், கோழியும் மீனும் ஓடாது, ஃப்ரீசர் காலி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அடியில் கிடந்த பையைப் பழைய பட்டாணி என்று எண்ணியிருக்கிறார். முந்தின நாள் சாயங்காலமே சுவிட்சை அணைத்துவிட்டார்.

"எதுக்குங்க அணைச்சீங்க?" என்று கேட்டேன்.

அவர் பொரித் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதுக்கும் ஒரு நாள் லீவு உடோணுமில்லீங்க பாய். எங்கப்பாரு ஆட்டாங்கல்லுக்கே லீவு உட்டவரு. வருஷம் பூரா ஓடுதே, பாவம்னு..."

வருஷம் முழுக்க அந்தப் பெட்டியை வதைத்தவர், அதன்மேல் இரக்கப்பட்டது அந்த ஒரு நாள்தான். ரப்பராவது ஒழுங்காக இருந்திருந்தால், நிறுத்தி வைத்த பெட்டி அந்தக் குளிரை மறுநாள் வரை ஓரளவு பிடித்து வைத்திருக்கும். வேட்டித் துணி எதைப் பிடிக்கும்? இரவெல்லாம் இடுக்கு வழியாகக் குளிர் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. மதியம் பால் எடுக்க வந்த அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பதறிப்போய் ஈரத்தோடு சுவிட்சைப் போட்டிருக்கிறார். அதில் ரிலேவும் போய்விட்டது.

வேலையில் இறங்கினேன். ஈரத்தைத் துடைத்து, வேறு ரிலே மாட்டி, கண்டென்சரில் படிந்த அழுக்கையெல்லாம் சுத்தம் செய்தேன். பல வருஷ அழுக்கு கொத்துக் கொத்தாக வந்தது. என் பிழைப்பில் அவ்வளவு அவசரமாக நான் வேலை செய்ததில்லை. அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும் கை நிற்கவில்லை. கம்ப்ரசர் ஒரு உதறு உதறிவிட்டு ஓட ஆரம்பித்தது. மற்ற நாளாயிருந்தால் அந்தச் சத்தம் கேட்டதும் முதலாளி முகம் மலரும். கவுண்டர் எழுந்து வந்து மூடிமேல் கை வைத்தார். "இனி மறுக்கா ஒறஞ்சுக்குமில்லீங்க பாய்?"

அந்த அம்மாவும் என் முகத்தையே பார்த்தார். குளிரைப் பற்றித் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். உருகின கறியை மறுபடி உறைய வைக்காதீர்கள் என்று ஹோட்டல் ஹோட்டலாகக் கத்தியவனும் நான்தான். அதை இந்த இடத்தில் சொல்வதை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியிலேயே கேட்டுவிடலாம் என்றேன். அந்த அம்மா போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார். எடுத்த நர்ஸ் பொறுமையாகக் கேட்டாள். உள்ளே ஐஸ் இன்னும் நிற்கிற பாக்கெட் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், முழுக்க உருகினதை மறுபடி உறைய வைக்கக் கூடாது, அதை ஐஸ் வைத்து உடனே கொண்டுவந்தால் இன்றைக்கு வேண்டியதற்கு எடுத்துக்கொள்வோம் என்றாள். அந்தக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது எவ்வளவு? ஒரு சின்னப் பாக்கெட்டிலேயே மிஞ்சும்.

பையைப் பிரித்து மேசைமேல் பரப்பினோம். ஒவ்வொரு பாக்கெட்டையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். வேலை செய்த கை என்று நினைவு வந்து, பாதியில் எழுந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். பெரும்பாலும் தண்ணீராகத்தான் இருந்தது. நடுவில் கிடந்த நாலைந்தில் மட்டும் சின்னக் கட்டி தட்டுப்பட்டது. அதைத் தனியாக எடுத்து, குளிர் ஏறியதும் உள்ளே வைத்தேன். மற்றவற்றில் ஒன்றிரண்டு ஐஸ் பெட்டிக்குப் போனது. மீதியைக் கொட்டவும் மனமில்லாமல், வைக்கவும் இடமில்லாமல் அந்த அம்மா கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவ்வளவு நேரமும் கம்ப்ரசர் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதை நிறுத்திவிடலாம் போல ஆத்திரமாக வந்தது. மெஷினை ஓட வைக்கத்தான் எனக்குத் தெரியும், அன்று அந்த நாலைந்து பாக்கெட்டுக்கு மேல் அதனால் பயனில்லை.

மாடியில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினார். "பாய், அவுங்கப்பா அணைச்சாருன்னு சொல்லிப்போடாதீங்க. தானா நின்னு போச்சுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பிக்குவா."

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். மேசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "என்னாச்சுங்க பாய்?" என்றாள்.

"தானா நின்னு போச்சு அம்மணி" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

அவள் ஃப்ரீசரைப் பார்த்தாள். மாலை, காயாத சந்தனம், தரையில் தண்ணீர், சுருட்டாமல் கிடந்த ஹோஸ் பைப். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். அவர் கல்லாவின் பக்கம் திரும்பி, ஒன்றும் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூஜைக்கு என்னென்ன செய்வார் என்பது பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா?

"சரிங்க பாய்" என்றாள். கொஞ்ச நேரம் ஒரு பாக்கெட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவிடம் கேட்டாள்.

"அப்பா காலையில இருந்து சாப்பிட்டாங்களாம்மா?"